32-ஆவது நொடி

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மகள் வேலைக்குச் சேர்ந்த சேதி படித்து மனசு நிறைந்தது. நேற்றுவரை உன் தோளில் தொங்கிக்கொண்டிருந்த பிள்ளை! என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படியைக் கண்டாலே பயம். சரி, அதை விடு. கடைசி வரியில், ஏதோ பல்பு மாற்றப் போகிறவன் மாதிரி, "சனிக்கிழமை ராத்திரி ஆபீஸ் ஃபோன் சிஸ்டத்தை அப்கிரேடு பண்ணுகிறேன், இரண்டு மணி நேர வேலை" என்று எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நானும் இரண்டு மணி நேரம் என்றுதான் நினைத்தேன். அப்போது நான் இருந்த இடத்தில் ஒரு சனிக்கிழமை இரவு ஆரம்பித்து, பத்தரைக்கெல்லாம் முடித்துவிட்டேன். ஆபீசின் எல்லா உள் ஃபோன்களும் (எக்ஸ்டென்ஷன்கள்) அழைப்புகளை இணைக்கும் சர்வரில் பதிவாகியிருந்தன. வெளியிலிருந்து என் செல்போனில் கூப்பிட்டுப் பார்த்தேன். "ஹலோ, கேட்குதா?" "கேட்குது." வைத்துவிட்டேன். இப்படிப் பத்துப் பன்னிரண்டு முறை. நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு அழைப்பும் அரை நிமிடத்தில் அறுந்தது. வாடிக்கையாளர் தன் பெயரைச் சொல்லி, என்ன குறை என்று ஆரம்பிக்கும்போது டக்கென்று நிற்கும். ரிசப்ஷனில் இருந்தவர் கடிகாரம் வைத்துப் பார்த்துச் சொன்னார்: சரியாக 32 நொடி.

அந்த 32-க்கு அர்த்தம் இருக்கிறது. அழைப்பை எடுத்ததும் நம் சர்வர் "எடுத்துவிட்டேன்" என்று மறுமுனைக்குச் சொல்லும். "சரி, தெரிந்தது" என்ற ஒப்புதல் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கும். அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் இந்தக் கருவிகள் பேசிக்கொள்ளும் நெட்வொர்க் மொழிக்கு சிப் (SIP) என்று பெயர். அதன் விதிப்படி அந்தக் காத்திருப்பு அரை நொடியின் 64 மடங்கு, அதாவது 32 நொடி. அதற்குள் ஒப்புதல் வரவில்லையென்றால் இணைப்பைத் துண்டித்துவிடும். எங்கள் சர்வர் தன் முகவரியாக வெளி முகவரியைச் சொல்லாமல் ஆபீசுக்குள் மட்டும் செல்லுபடியாகும் உள் முகவரியைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒப்புதல் அந்த முகவரியைத் தேடிப் போய் எங்கோ தொலைந்தது. குரல் வேறு வழியில் போவதால் பேச்சு மட்டும் இரண்டு பக்கமும் அழகாகக் கேட்டது. பத்து நொடி பேசிவிட்டு வைத்த எனக்கு எப்படித் தெரியும்?

வெளி முகவரியைச் சொல்லும் அந்த ஒரு வரி பழைய சிஸ்டத்தில் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏதோ அவசரத்தில் நானே கையால் எழுதியது. பழைய சிப் டிரைவருக்கான, அதாவது சிப் அழைப்புகளைக் கையாளும் மென்பொருள் பகுதிக்கான, கோப்பில் எழுதியிருந்தேன். புதிய டிரைவர் அந்தக் கோப்பைத் திறந்துகூடப் பார்க்காது. யாரைத் திட்டுவது, சொல்!

அதற்கப்புறம் நான் பார்த்த அப்கிரேடு சொதப்பல்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். இன்ஸ்டால் ஒழுங்காக முடிந்திருக்கும். இடைப்பட்ட வருஷங்களில் நாம் சத்தமில்லாமல் செருகி வைத்து மறந்துபோனவைதான் காலை வாரும். உன் சிஸ்டமும் ஆஸ்டரிஸ்க் என்ற ஃபோன் சர்வர் மென்பொருள் மேல் ஓடுவதுதானே? பழைய சிப் டிரைவரை 17-ஆம் பதிப்பிலேயே கைவிடுவதாக அறிவித்து, 2023-இல் வந்த 21-ஆம் பதிப்பில் அடியோடு எடுத்துவிட்டார்கள். அழைப்பை எப்படிக் கையாள வேண்டும் என்ற கட்டளைகளைத் தொகுத்து எழுதி வைக்கும் மேக்ரோ வசதியும் அதோடு போயிற்று. உனக்கு முன்னால் இருந்தவர் மேக்ரோவில் என்னென்ன எழுதி வைத்தாரோ, முதலில் அதைத் தேடு. நடுவில் நீ தாண்டிக் குதிக்கிற பதிப்புகளின் குறிப்புகளையும் ஒன்று விடாமல் படி. கடைசிப் பதிப்பின் குறிப்பை மட்டும் படித்தால், எப்போதோ எடுக்கப்பட்டது கண்ணில் படாது.

அடுத்து, ஆபீஸ் முழுக்க ஒரு நடை நடந்து வா. மேஜையில் இருக்கும் ஃபோன்களை யாரும் மறப்பதில்லை. லிஃப்ட்டுக்குள் இருக்கும் அவசர ஃபோன், வாசல் கேட்டைத் திறக்கும் பெட்டி, மூலையில் தூசி படிந்த ஃபேக்ஸ் மெஷின், இவைதான் மறந்துபோகும். பழைய ஃபோன்களுக்கு, இணைப்பைப் பூட்டிப் பாதுகாக்கும் டி.எல்.எஸ். முறையின் 1.2 பதிப்பு தெரியாமல் இருக்கலாம். புதிய சர்வர் பழைய டி.எல்.எஸ்ஸை ஏற்காது என்றால், அந்த ஃபோன்கள் தங்கள் செட்டிங்குகளை இறக்கிக்கொள்ள முடியாமல் முழிக்கும்.

இன்னொரு வேடிக்கை. ஒரே ஒரு ஃபோனில் பழைய பாஸ்வேர்டு தங்கிவிட்டால், அது விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். சர்வரின் காவல்காரன் அதைத் திருடன் என்று நினைத்து, அந்த முகவரியையே பூட்டிவிடுவான். கிளை ஆபீசின் ஃபோன்கள் எல்லாம் ஒரே வெளி முகவரியிலிருந்துதானே வருகின்றன? மொத்தக் கிளையும் ஊமையாகிவிடும். அந்த இரவு மட்டும் கிளைகளின் முகவரிகளை விதிவிலக்குப் பட்டியலில் போட்டு வை.

டிஸ்க்கையும் பார். பதிவு செய்த அழைப்பு, சுருக்காத கோப்பாக இருந்தால், நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 1 எம்.பி. வருஷக் கணக்கில் சேர்ந்த பதிவுகள் டிஸ்க்கை நிறைத்திருந்தால், டேட்டாபேஸை மாற்றும் நேரத்தில் இடமில்லாமல் பாதியில் நிற்கும். பேக்கப்பை அதே டிஸ்க்கில் வைக்கும் புத்திசாலிகளையும் பார்த்திருக்கிறேன்.

புது மெஷின் என்றால் ட்ரங்க் (வெளி உலகத்தோடு இணைக்கும் ஃபோன் இணைப்பு) தரும் கம்பெனிக்கு முன்கூட்டியே சொல். அவர்கள் முகவரி பார்த்து அனுமதிப்பவர்களாக இருந்தால், புது முகவரியிலிருந்து போகும் அழைப்பை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதனால்தான் சனிக்கிழமை ராத்திரி வேண்டாம் என்கிறேன். அந்த நேரத்தில் அவர்கள் பக்கம் விவரம் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார். என் கட்சி, வாரத்தின் நடுவில் ஒரு மாலை. மறுநாள் காலை எல்லோரும் வேலையில் இருப்பார்கள், நீயும் தூங்கி எழுந்திருப்பாய்.

பின்வாங்கும் நேரத்தை இப்போதே காகிதத்தில் எழுதி வை. "பத்து மணிக்குள் இத்தனையும் சரியாகாவிட்டால் பழைய சர்வருக்குத் திரும்புகிறேன்" என்று. பத்து மணிக்கு யோசித்தால், இன்னும் பத்து நிமிடம் என்று பொழுது விடிந்துவிடும். பழைய மெஷினைக் கலைக்காமல் அப்படியே அணைத்து வை. ஃபோன்களின் ஃபர்ம்வேரை, அதாவது அவற்றுக்குள் இருக்கும் மென்பொருளை, அன்றிரவு தொடாதே. சில ஃபோன்கள் மேலே ஏறினால் கீழே இறங்காது, அப்புறம் பழைய சர்வருக்குத் திரும்பியும் பயனில்லை.

சோதிக்கும்போது ஒவ்வொரு அழைப்பிலும் ஒரு நிமிடத்துக்கு மேல் பேசு. ஹோல்டில் போடு, வேறு ஆளுக்கு மாற்று, மெனுவில் எண்களை அமுக்கிப் பார், வாய்ஸ்மெயில் விட்டு எடுத்துக் கேள். பேச விஷயம் இல்லையென்றால் என்னைக் கூப்பிடு, முழங்கால் வலியைப் பற்றி அரை மணி நேரம் சொல்கிறேன்.

வேலையைத் தொடங்கும் முன், கையால் மாற்றிய கோப்புகளின் பட்டியலை எழுதி எனக்கு ஒரு பிரதி அனுப்பு. நடுவில் ஏதாவது சிக்கினால் எந்த நேரமானாலும் அழை. உன் செல்போனிலிருந்து அழை, ஆபீஸ் லைனை நம்பாதே.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி