முற்பணம் முழுதாக வந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் 'வாடகைக்கு' பகுதியில் கொழும்பையும் அதன் அயலையும் சேர்ந்த வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, கொட்டாஞ்சேனை வீடுகளுக்கான விளம்பரங்களை வாசித்தால் இரண்டு நிபந்தனைகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: 'ஒரு வருட முற்பணம்', 'சிறிய சைவக் குடும்பம் விரும்பத்தக்கது'. வருபவர் என்ன தொழில் செய்கிறார், மாதம் எவ்வளவு உழைக்கிறார், இதற்கு முன் எங்கே குடியிருந்தார், அங்கிருந்து ஏன் எழும்புகிறார் என்பதைப் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் கேட்பதே இல்லை. பணம் வந்த அன்றே திறப்பு (சாவி) கைமாறிவிடுகிறது. பிறகு நீதிமன்றப் படியேறி வருடக்கணக்கில் இழுபடும் பிணக்குகள் பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான் தொடங்குகின்றன.

முற்பணம் எதைக் காட்டுகிறது என்று யோசித்துப் பாருங்கள். மாதம் 100,000 ரூபா வாடகைக்கு ஒருவர் 1,200,000 ரூபாவைக் கட்டினால், அந்தத் தொகை அன்று அவர் கையில் இருந்தது என்பது மட்டுமே உறுதி. சீட்டு எடுத்த காசாக இருக்கலாம், வட்டிக்கு வாங்கியதாக இருக்கலாம், வெளிநாட்டிலுள்ள சகோதரர் ஒருமுறை அனுப்பியதாகவும் இருக்கலாம். 13ஆம் மாத வாடகை எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு. முற்பணத்தை மகளின் கல்யாணத்துக்கோ பழைய கடனுக்கோ செலவழித்துவிட்ட வீட்டுக்காரரால், நான்காம் மாதமே தொல்லை தொடங்கினாலும் 'எழும்புங்கள்' என்று சொல்ல முடியாது. சொன்னால் மிச்ச எட்டு மாதப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகவே வாடகை முற்பணத்தை ஆறு மாதத்துக்கு மேல் வாங்காமல் இருப்பதே நல்லது. சேதத்துக்கும் கட்டாத பில்லுக்குமான வைப்புப் பணத்தை, மூன்று மாத வாடகை அளவில், வேறாக வாங்கித் தொடாமல் வங்கியில் வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே தொகையாக எழுதிவிட்டால், கடைசி மாதங்களில் 'அட்வான்சில் கழியுங்கள்' என்று குடியிருப்பவர் சொல்லும்போது சேதத்துக்குப் பிடிக்க எதுவும் மிஞ்சாது.

தரகரை நம்பி இந்த வேலையை விடுவது இன்னொரு தவறு. திறப்பு கைமாறியதும் தரகுக் காசு அவருக்குக் கிடைத்துவிடும். அதன்பின் வாடகை வந்தாலென்ன, வராவிட்டாலென்ன, அவருக்கு நட்டமில்லை. ஆள் காட்டுவது அவர் வேலை, ஆளை விசாரிப்பது வீட்டுக்காரர் வேலை.

முதலில் தேசிய அடையாள அட்டை. வட்ஸ்அப்பில் வந்த படம் போதாது, அசலைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். பழைய அட்டையின் ஒன்பது இலக்கங்களில் முதல் இரண்டு பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தில் பிறந்தநாள் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு. எனவே 1985 மார்ச் 1இல் பிறந்த ஆணின் இலக்கம் 85061 என்றும், பெண்ணின் இலக்கம் 85561 என்றும் தொடங்கும். 12 இலக்கப் புதிய அட்டையில் வருடம் நான்கு இலக்கமாக வரும், மிச்சக் கணக்கு அதேதான். அட்டையிலுள்ள பிறந்த திகதியோடு இது பொருந்தாவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். வெளிநாட்டவர் என்றால் கடவுச்சீட்டோடு வதிவிட விசாவின் முடிவுத் திகதியையும் பார்க்க வேண்டும். விசா மூன்று மாதத்தில் முடிகிறவருக்கு ஒரு வருட ஒப்பந்தம் எழுதுவதில் பொருளில்லை.

அடுத்தது வருமானம். மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளச் சீட்டும் மூன்று மாத வங்கிக் கூற்றும் கேட்கலாம். நிறுவனத்துக்கு அழைக்கும்போது அவர் தந்த கைத்தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கக் கூடாது. நிறுவனத்தின் பொது இலக்கத்தை நாமே தேடி எடுத்து அழைக்க வேண்டும். சொந்த வியாபாரம் என்றால் வியாபாரப் பதிவுச் சான்றிதழையும், கடை இருக்கும் இடத்தையும் நேரில் பார்ப்பது நல்லது. வாடகை குடும்ப வருமானத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டினால், ஆள் எவ்வளவு நல்லவரானாலும் பாடசாலைக் கட்டணம் கட்டும் மாதத்தில் வாடகை பிந்தும். கடன் தகவல் பணியகத்திலிருந்து தன் சொந்த அறிக்கையை எடுத்துக் காட்டும்படியும் கேட்கலாம். அதில் வங்கி, நிதி நிறுவனக் கடன்கள்தான் தெரியும், வாடகை பாக்கி தெரியாது. ஆனாலும் கடன் கட்டும் பழக்கம் எப்படி என்பது புரியும்.

முந்திய வீட்டுக்காரரிடம் விசாரிப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இப்போது அவர் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர், ஆள் எழும்பினால் போதும் என்ற நிலையில் இருந்தால் 'தங்கமான மனிதர்' என்றுதான் சொல்லுவார். அதற்கு முந்திய வீட்டுக்காரருக்கு மறைக்க ஒன்றுமில்லை, அவரைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள். கேட்க வேண்டியவை மூன்றே: வாடகை எத்தனையாம் திகதி வந்தது, எழும்பும்போது வீடு எந்த நிலையில் இருந்தது, மீண்டும் கொடுப்பீர்களா.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் பத்திரம் பிழையானால் எல்லாம் பிழையாகும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு (உறுதிகளை அத்தாட்சிப்படுத்துபவர்) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். கடையில் வாங்கிய அச்சுப் படிவத்தில் இருவரும் கையெழுத்திட்ட 'இரண்டு வருட ஒப்பந்தம்' நீதிமன்றத்தில் மாத வாடகை நிலைக்கு இறங்கிவிடும். ஒப்பந்தகாலம் முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்க, 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழி ஒன்றைத் திறந்திருக்கிறது. கையில் முறையான குத்தகை உறுதி இல்லாமல் அந்தப் பக்கம் போவது வீண். நொத்தாரிசுக் கட்டணத்தையும் முத்திரை வரியையும் மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள் இழப்பது இந்த வழியைத்தான்.

வீட்டின் வயதும் முக்கியம். 1980 ஜனவரி 1க்குப் பின் கட்டப்பட்ட குடியிருப்புகள் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையின் உள்வீதிகளிலும் உள்ள பழைய வீடுகளில் பல அதற்கு உட்படக்கூடும். உட்பட்டால் வெளியேற்றும் காரணங்களைச் சட்டமே வரையறுத்திருக்கிறது. பழைய வீட்டுக்காரர்கள் எழுதுவதற்கு முன்பே சட்டத்தரணியிடம் இதைக் கேட்டுத் தெளிய வேண்டும்.

வாடகை நின்றபின் பலரும் செய்யும் காரியம் பூட்டை மாற்றுவது, தண்ணீரை வெட்டுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ், பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் விடயத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால் அவரை மீண்டும் அதே வீட்டில் அமர்த்தக் கட்டளையிடலாம். வாடகை தராதவருக்கு நீதிமன்றப் பாதுகாப்பையும் சேர்த்துக் கொடுத்ததாக முடியும். எழும்பும்படி அறிவித்தல் கொடுத்தபின் அவர் வங்கியில் காசு போட்டால், அதை வாடகை என்று பற்றுச்சீட்டு எழுதக் கூடாது. உரிமைக்குப் பாதிப்பின்றி, தங்கியிருப்பதற்கான இழப்பீடாகப் பெற்றதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிய வாடகை தொடங்கியது என்று வாதிடுவார்கள்.

மின்சாரமும் தண்ணீரும் வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால் பாக்கியும் அவர் தலையில்தான் விழும். திறப்பு கொடுக்கும் நாளில் இரண்டு மீற்றர்களின் வாசிப்பையும் படமெடுத்து, பொருட்பட்டியலோடு இரு தரப்பும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடுங்கள். மாதாமாதம் பில் இலக்கத்தைக் கொண்டு நிலுவையை நீங்களே பாருங்கள். தொடர்மாடியில் பராமரிப்புக் கட்டணத்துக்கும் வீட்டுச் சொந்தக்காரர்தான் பொறுப்பு.

யார் யார் குடியிருப்பார்கள் என்று பெயரும் அடையாள அட்டை இலக்கமும் குத்தகை உறுதியில் எழுதப்பட வேண்டும். மூன்று அறை வீட்டைக் குடும்பத்துக்கென்று எடுத்து, அறைக்கு நான்கு கட்டில் போட்டு போர்டிங் நடத்துவது கொழும்பில் புதிதல்ல. 2024இல் தலங்கம, மடிவெல, நீர்கொழும்புப் பகுதிகளில் இணையவழி நிதி மோசடிக் கும்பல்கள் பிடிபட்டதும் வாடகைக்கு எடுத்த இடங்களில்தான். உப வாடகைக்கு விடத் தடை, முன்னறிவித்தலுடன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டைப் பார்க்கும் உரிமை என்ற இரண்டு வரிகளை விட்டுவிடக் கூடாது.

விசாரிப்பது என்றால் ஊரையும் சாதியையும் கேட்பது என்று நினைப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. 2007 ஜூன் 7இல் தமிழர் என்ற ஒரே காரணத்துக்காகக் கொழும்பு விடுதிகளிலிருந்து மக்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த அவமானத்தை அறிந்த சமூகம், மலையகத்திலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைக்கோ முஸ்லிம் குடும்பத்துக்கோ 'வீடு போய்விட்டது' என்று பொய் சொல்லலாமா? சைவச் சாப்பாடும் ஊர்ப் பெயரும் வாடகையைக் கட்டப்போவதில்லை. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை, ஒரே தாளில் கேட்போம்.

கேட்கும் உரிமை குடியிருக்க வருபவருக்கும் உண்டு. சொந்தமில்லாத வீட்டைக் காட்டி முற்பணத்தோடு மறைபவர்களும் இருக்கிறார்கள். வீட்டு உறுதியின் பிரதி, அண்மைய சோலைவரி (வீட்டு வரி) பற்றுச்சீட்டு, சொந்தக்காரர் கனடாவிலோ இலண்டனிலோ இருந்தால் கையெழுத்திடுபவரின் பதிவு செய்யப்பட்ட அற்றோணித் தத்துவம் (சொந்தக்காரர் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) ஆகியவற்றைக் காட்டத் தயங்குபவருக்கு ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம். இந்த மூன்று ஆவணங்களின் பெயரையும் உங்கள் 'வாடகைக்கு' பகுதியின் தலைப்பில் ஒரு சிறு பெட்டியாக வாராவாரம் அச்சிட்டால், வீடு தேடும் இளம் குடும்பங்கள் பலருக்கு அது உதவும்.

இப்படிக்கு,
வாசகர்,
கொழும்பு 06