போர்த்திமந்தில் இடம் விடுங்கள்: மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்களுக்கு நீலகிரியிலிருந்து வணக்கம்.

தமிழகக் கடலில் 500 மெகாவாட் காற்றாலை வரவேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. அந்த மின்சாரத்தைச் சேமிக்க உதவும் குந்தா நீரேற்றுத் திட்டத்தின் அணைகளில், குறிப்பாக மேலுள்ள போர்த்திமந்தில், மழைக்காலத்தில் இடம் விட வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. ஒன்றிய மின் அமைச்சகத்தின் 2023 அக்டோபர் அறிவிப்புப்படி, 2029-30இல் மின் நுகர்வில் 43.33 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரமாக இருக்க வேண்டும். அதில் காற்றுக்கென்றே ஒதுக்கிய 3.48 சதவீதத்துக்கு, 2024 மார்ச் 31க்குப் பிறகு ஓடத் தொடங்கிய காற்றாலைகள்தான் கணக்கில் சேரும். ஆரல்வாய்மொழியில் பல ஆண்டுகளாகச் சுற்றும் காற்றாலைகள் எத்தனை இருந்தாலும் அந்தக் கட்டம் நிரம்பாது. 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை குஜராத்துக்கும் நமக்கும் தலா 500 மெகாவாட்டுக்கு நிதியுதவி ஒப்புக்கொண்டதை விட்டுவிடக் கூடாது.

எங்கள் கவலை ஆடி மாதம். கரையிலும் கடலிலும் காற்று உச்சத்தில் இருக்கும் அதே வாரங்களில்தான் குந்தா மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது.

குந்தா நீரேற்றுத் திட்டத்தில் 125 மெகாவாட் எந்திரங்கள் நான்கு. கீழே அவலாஞ்சி-எமரால்டு அணைகள், மேலே போர்த்திமந்து அணை. மின்சாரம் மிஞ்சும்போது கீழிருந்து நீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பதே இதன் வேலை. கடல் காற்றாலை முழு வேகத்தில் இரவு 8 மணி நேரம் ஓடினால் 40 லட்சம் யூனிட்; அதைக் கொண்டு நீரேற்றினால் மாலை உச்ச நேரத்தில் ஏறக்குறைய 30 லட்சம் யூனிட் திரும்பக் கிடைக்கும். ஆனால் போர்த்திமந்து மழையிலேயே நிரம்பிவிட்டால் ஏற்ற இடமேது? எமரால்டும் ததும்பினால் மேலிருந்து இறக்கும் நீரைக் குந்தா முதல் மின்நிலையம் வழியாக வெளியேற்ற வேண்டும். அங்கே புனல்மின்சாரம் ஓட, அந்த அளவுக்குக் காற்றாலையை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்திய யூனிட் அந்த 3.48 சதவீதக் கட்டாயக் கணக்கில் ஏறாது. இதைத்தான் முன்கூட்டியே தடுக்க வேண்டும்.

ஆகவே, ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டு அணைகளிலும் ஒரு நாள் சுழற்சிக்கான இடத்தைக் காலியாக வைக்கும்படி நீர்மட்ட அட்டவணை வகுக்கச் சொல்லுங்கள். அணைப் பாதுகாப்புக்கும் அது நல்லதே. மே மாதத்திலேயே மட்டத்தை இறக்கத் தொடங்கினால்தான் இது நடக்கும். மழை பிடித்தபின் மதகைத் திறந்தால் நீர்தான் வீணாகும்.

நீரேற்றைப் பெரிதாக நம்பிவிடவும் வேண்டாம். அது இரவுக்கும் மாலைக்கும் இடையிலான கைமாற்று. ஆடிக் காற்றைப் பங்குனிக்குச் சேர்த்துவைக்காது. அதனால் கடல் மின்சாரக் கொள்முதலுக்கான மனு வரும்போது ஆண்டுச் சராசரியை ஏற்காமல், மாதவாரியாக, மணிவாரியாக உற்பத்திக் கணக்கைக் கேளுங்கள். குந்தாவின் நீர்மட்ட அட்டவணையையும் அதே விசாரணையில் வையுங்கள்.

இப்படிக்கு,
எமரால்டு, மஞ்சூர் பகுதி மின் நுகர்வோர்