பழைய இரும்புக்குப் போடுமுன்

சாஸ்கடூன், கனடா,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஏப்ரல் வந்தும் வாசலில் பனி கிடக்கிறது. கொட்டகையில் நிற்கிற சிவப்பு டிராக்டரைப் பழைய இரும்புக்கு விலை பேசியிருக்கிறீர்கள் என்று தம்பி சொன்னான். போனில் பேசினால் "சரி, பார்க்கலாம்" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன சனிக்கிழமை பிள்ளைகளோடு இங்குள்ள வெஸ்டர்ன் டெவலப்மென்ட் மியூசியத்துக்குப் போனேன். 1949-இல் தொடங்கியது, இந்த மாகாணத்தில் நான்கு ஊர்களில் இருக்கிறது. எங்கள் ஊரில் 1910-ஆம் வருஷத்துக் கடைத்தெருவையே கூரைக்குள் கட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அங்கேயே நின்றுவிட்டார்கள். நான் இயந்திரங்கள் பக்கம் போய்விட்டேன்.

நீராவி எஞ்சினை நீங்கள் பார்க்க வேண்டும் அப்பா. பின்சக்கரம் என் தலைக்கு மேல் நிற்கிறது. மரமில்லாத சமவெளி என்பதால், அடித்த வைக்கோலையே அடுப்பில் போட்டு எரித்திருக்கிறார்கள். விடியுமுன் எழுந்து கொதிகலனை மூட்ட ஓர் ஆள், நாள் முழுக்கத் தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள். கதிரடிக்கும் இயந்திரம் தூரத்தில் நிற்கும், நடுவில் நீளமான பெல்ட். பக்கத்தில் நிறுத்தினால் பொறி பறந்து வைக்கோல்போர் பற்றிக்கொள்ளுமாம். நம் களத்தில் மாடு மிதித்து, அம்மா முறத்தால் தூற்றிய வேலையெல்லாம் அதன் வயிற்றுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கதிர்க்கட்டை உள்ளே தள்ளினால் கோதுமை ஒரு பக்கம், வைக்கோல் ஒரு பக்கம்.

அந்தக் காலத்தில் குடியேற வந்தவர்கள் 10 டாலர் கட்டினால் அரசாங்கம் 160 ஏக்கர் கொடுத்திருக்கிறது. மூன்று வருஷம் குடியிருந்து உழுது காட்டினால் நிலம் சொந்தம். கொடுத்தது யார் நிலம் என்று பூர்வகுடிகளைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

1930-களில் மழை பொய்த்து, கோதுமைக்கும் விலை போய், காருக்குப் பெட்ரோல் போட வழியில்லாமல் எஞ்சினைக் கழற்றிவிட்டுக் குதிரை பூட்டி ஓட்டினார்களாம். அப்போதைய பிரதமர் பென்னட். ஆத்திரத்தில் அதற்கு "பென்னட் வண்டி" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டீசலுக்குக் காசில்லாமல் நம் டிராக்டர் ஒரு போகம் முழுக்கக் கொட்டகையில் நின்றதும், நீங்கள் பக்கத்து வீட்டு மாட்டை வாங்கி உழுததும் ஞாபகம் வந்தது.

அப்புறம் ஒரு சிவப்பு டிராக்டரில் "மாசி ஹாரிஸ்" என்று எழுதியிருந்தது. கனடாக் கம்பெனி. 1953-இல் ஃபெர்குசன் கம்பெனியோடு சேர்ந்து, பிறகு மாசி ஃபெர்குசன் ஆனது. சென்னையில் டாஃபே கம்பெனி செய்த நம் வண்டியின் மூக்கில் இருக்கிற அதே பெயர்! கையால் தொட்டுப் பார்க்கப் போனேன். "தொடாதீர்கள்" என்று பலகை இருந்தது.

இரும்புக்காரர் என்ன விலை சொன்னார்? அந்தப் பணத்தை நான் அனுப்பிவிடுகிறேன். வேண்டாம் என்றால், கொடுப்பதற்கு முன் எண் அடித்த தகட்டையாவது தம்பியைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். போல்ட் துருப்பிடித்திருக்கும், மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற வையுங்கள்.

அம்மா முட்டிவலிக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாளா?

அன்புடன்,
உங்கள் பெரியவன்