சருகைக் கொளுத்தாதீர்கள், ஆறுமணிக்குருவி வந்திருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை வாசல் தெளிக்கப் போனேன். ஜன்னலுக்குக் கீழே, திண்ணை ஓரத்தில் ஒரு குருவி கிடந்தது. செத்துவிட்டது என்று நினைத்துக் கையில் எடுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. மைனாவை விடச் சிறிய உடம்பு, கட்டை வால். முதுகு பச்சை, தோளில் மின்னுகிற நீலம், வயிறு சந்தன நிறம், வாலடியில் குங்குமச் சிவப்பு. கண்ணுக்கு மை தீட்டிப் பின்கழுத்து வரை இழுத்துவிட்டதுபோல் கறுப்புப் பட்டை.

"வெளிநாட்டுக் கிளியா டீச்சர்?" என்றான் எதிர்வீட்டுப் பையன். இல்லை, நம்ம ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் விசில் அடிப்பதால் அந்தப் பேர். தென்மேற்குப் பருவமழையில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பர், அக்டோபரில் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வந்துவிடும். 50, 60 கிராம் எடையை வைத்துக்கொண்டு ராத்திரியில்தான் இத்தனை தூரமும் பறக்கிறது. களைத்து இறங்குகிற நேரத்தில் கண்ணாடி தெரிவதில்லை, மோதி விழுந்துவிடுகிறது.

அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, பழைய துணி விரித்து, இருட்டான இடத்தில் வைத்தேன். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். பத்து மணிக்குப் பெட்டிக்குள் பிறாண்டுகிற சத்தம். கொல்லையில் கொண்டுபோய்த் திறந்தேன். பறக்கவில்லை. தத்தித் தத்தி மாமரத்தடிச் சருகுக்குள் போய், அலகால் ஓர் இலையைப் புரட்டித் தள்ளி, அடியிலிருந்து ஒரு புழுவை இழுத்தது. அப்புறம் அடுத்த இலை.

அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இந்தக் குருவிக்குச் சாப்பாடு மரத்தில் இல்லை, மரத்தடிச் சருகில் இருக்கிறது. சருகு கிடந்தால்தான் ஈரம், ஈரம் இருந்தால்தான் மண்புழுவும் பூச்சியும். எங்கள் தெருக்கோடிக் காலிமனையில் புங்கமும் வேம்பும் புதருமாக நிழல் உண்டு. போன வருஷம் வரை அங்கே ஒன்று, என் கொல்லையில் ஒன்று, சாயங்காலமானால் மாறி மாறிக் கூப்பிடும். இந்த ஆவணியில் சுத்தம் செய்கிறோம் என்று புதரை வெட்டி, சருகைக் கூட்டிக் கொளுத்திவிட்டார்கள். இப்போது சிமென்ட் தரைபோல் கிடக்கிறது.

ரோட்டில் விழுவதைக் கூட்டட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மரத்தடியில் விழுவதை மட்டும் ஏப்ரல் வரையாவது விட்டுவைக்கலாம். பள்ளிக்கூடம், கோயில் நந்தவனம், ஆஸ்பத்திரி வளாகம் எல்லாவற்றிலும் ஒரு மூலை ஒதுக்கினால் போதும். தீ வைக்க வேண்டாம் என்று நகராட்சிகள் துப்புரவுப் பணியாளர்களிடம் சொல்லவேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் கொல்லையிலிருந்து விசில் கேட்டது. ஆறாக ஐந்து நிமிஷம் இருந்தது. இருட்டும் வரை நின்றேன், தெருக்கோடியிலிருந்து பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
புதுக்கோட்டை