வசந்தாவுக்கு, கப்பல் ஏறுமுன்

அன்புள்ள வசந்தா,

இங்கே எல்லோரும் நலம். அண்ணனும் சின்னவளும் எப்படி இருக்கிறார்கள்? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? மழை விட்டபாடில்லை, வடாம் போட வழியில்லை, மற்றபடி குறையொன்றும் இல்லை.

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் சுற்றுலாக் கப்பலுக்கு நீ பணம் கட்டிவிட்டாய் என்பதை லலிதா சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது! போன வருஷம் நாங்கள் அதே வழியில் போய்வந்தது தெரிந்தும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று ஹாஸ்டல் மெஸ் பில்லில் நாலணா கூடினதற்கு வார்டன் அறை வாசலில் போய் உட்கார்ந்தவள், இப்போது ஏஜெண்ட் நீட்டிய தாளில் அப்படியே கையெழுத்துப் போட்டிருக்கிறாய். போனில் சொன்னால் "சரி சரி, ஏஜெண்ட் பார்த்துப்பார்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுவதும் படி. அண்ணனுக்கும் படித்துக் காட்டு.

நீ கட்டியிருப்பது அறைக்கும் சாப்பாட்டுக்குமான பணம். பயணச் செலவு என்று நினைத்து அந்தத் தொகையோடு கணக்கை மூடிவிடாதே. நாங்கள் போனபோது டிக்கெட் தொகையில் பாதிக்கு மேல் மற்ற செலவுகளே வந்தன. என் வீட்டுக்காரர் கிளம்பும் முன்பே ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதித் தனியாகப் பணம் ஒதுக்கி வைத்திருந்ததால்தான் அங்கே நிம்மதியாக இருக்க முடிந்தது. நீ கொண்டுபோவது ஓய்வுபெற்றபோது வந்த பணம். அதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

முதலில் ஏஜெண்டிடம் கேட்க வேண்டியது, துறைமுகக் கட்டணமும் வரிகளும் அந்தத் தொகையில் சேர்ந்திருக்கிறதா என்பது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் அவை சேராத விலை. அப்புறம் வெளிநாட்டுச் சுற்றுலா என்பதால் இங்கேயே டிசிஎஸ் என்று ஒரு வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். அந்த ரசீதைப் பத்திரமாக வை; வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம். அத்தைக்குத் தனி அறை போடலாமா என்று அண்ணன் யோசிப்பதாக லலிதா சொன்னாள். வேண்டாம். கப்பலில் அறைக்கு இரண்டு பேர் என்றுதான் விலை வைக்கிறார்கள், ஒருவர் மட்டும் தங்கினாலும் கிட்டத்தட்ட இருவருக்கான கட்டணத்தைக் கொடுக்க வேண்டிவரும். சின்னவளை அத்தையோடு படுக்கவை. இரவில் அத்தைக்கும் ஒரு துணை.

விசா விஷயம். சிங்கப்பூர் விசாவுக்கு ஆளுக்கு 30 சிங்கப்பூர் டாலர், அதற்கு மேல் ஏஜெண்டின் கட்டணம். கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போய் மறுபடி அங்கேயே வருவதால் நீங்கள் இரண்டு முறை உள்ளே நுழைகிறீர்கள். பலமுறை நுழையும் விசாதானா என்று தாளைக் கையில் வாங்கியதும் பார். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் நம் ஆட்களுக்கு அப்போதைக்கு என்ன விதி என்பதையும் கேட்டு வைத்துக்கொள், அது மாறிக்கொண்டே இருக்கிறது. சிங்கப்பூர் வருகை அட்டையை அந்த அரசின் குடியேற்றத் துறைத் தளத்திலேயே நிரப்பலாம், ஒரு காசு கிடையாது. இறங்கும் நாளைச் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அதற்குப் பணம் கேட்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன, சின்னவளிடம் சொல்லிவை.

கப்பல் புறப்படும் அன்று காலையில் போய் இறங்குவதாகத் திட்டம் போட்டிருந்தால் மாற்று. விமானம் தாமதமானால் கப்பல் உங்களுக்காக நிற்காது, பணமும் திரும்பாது. முந்தைய நாளே போய் ஓர் இரவு தங்குங்கள். சிங்கப்பூரில் அறை வாடகை அதிகம்தான், ஆனாலும் அது கொடுக்க வேண்டிய பணம். லிட்டில் இந்தியா பக்கம் தங்கினால் அத்தைக்குக் காலையில் இட்லி கிடைக்கும், வீரமாகாளியம்மனையும் சேவித்துவிட்டு வரலாம்.

இனி கப்பலுக்குள். ஏறியதும் ஆளுக்கு ஒரு அட்டை கொடுப்பார்கள். அறைச் சாவியும் அதுதான், பணப்பையும் அதுதான். எதை வாங்கினாலும் அட்டையை நீட்டினால் போதும், காசு கைமாறுவதே கண்ணில் படாது. கணக்கு அமெரிக்க டாலரில் ஏறிக்கொண்டே போகும். தினமும் இரவு படுக்கும் முன் வரவேற்பு மேஜையிலோ அவர்களுடைய செயலியிலோ அன்றைய கணக்கைப் பார்த்துவிடு. அந்தச் செயலிக்கு இணையப் பொட்டலம், அதாவது பேக்கேஜ், வாங்கத் தேவையில்லை. ஒரு நாள் எங்கள் கணக்கில் நாங்கள் குடிக்காத இரண்டு காபி ஏறியிருந்தது. அன்றே சொன்னதால் அப்போதே நீக்கினார்கள். கணக்கை எந்த அட்டையில் இணைப்பது என்பதும் முக்கியம். டெபிட் கார்டு கொடுத்தால் செலவுக்கு முன்பே ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், அது திரும்பி வரப் பல நாள் ஆகும். கிரெடிட் கார்டு நல்லது. ஆனால் நம் வங்கிகளில் பல, வெளிநாட்டுச் செலவுக்கு மூன்று, மூன்றரை சதவீதம் கூடுதலாகப் போட்டு அதன் மேல் ஜிஎஸ்டியும் போடும். ரூபாயில் கட்டுகிறீர்களா, டாலரில் கட்டுகிறீர்களா என்று கேட்டால் டாலர் என்று சொல். ரூபாய் என்றால் அவர்கள் வைக்கும் மாற்று விலையில் இன்னும் கொஞ்சம் போய்விடும்.

சாப்பாட்டுக்குப் பயப்படாதே. பெரிய சாப்பாட்டுக் கூடமும் பஃபேயும் டிக்கெட்டிலேயே சேர்ந்தவை. சைவம், நம் ஊர்ச் சாப்பாடு வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்தால் செய்து தருகிறார்கள். சாம்பார் என்று ஒன்று வந்தது, நல்ல மனசோடு செய்திருந்தார்கள், சாப்பிட்டோம். தனி உணவகங்களுக்கு மட்டும் தனிக் காசு. தண்ணீர் பாட்டிலுக்கும் காசு. கப்பலில் குழாய்த் தண்ணீரே குடிக்கத் தகுந்தது, ஆளுக்கு ஒரு காலி பாட்டில் கொண்டுபோய் பஃபேயில் பிடித்துக்கொள். சாதா காபி, டீ சும்மா கிடைக்கும், நுரை பொங்கும் காபிக்குக் காசு. சின்னவள், மொத்தமாகப் பணம் கட்டி வேண்டியபோது குடிக்கிற பானப் பொட்டலம் கேட்பாள். பெரும்பாலான கப்பல்களில் மதுவோடு கூடிய பொட்டலத்தை ஒரு அறையில் ஒரு பெரியவர் வாங்கினால் இன்னொரு பெரியவரும் வாங்கியாக வேண்டும். அவள் ஒருத்தி வாங்கினால் அத்தைக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும்! வேண்டும் என்றால் குளிர்பானத்துக்கு மட்டுமான சின்னப் பொட்டலம் போதும் அவளுக்கு. இன்னொன்று, பானம், மசாஜ் எல்லாவற்றுக்கும் விலைக்கு மேல் 18 சதவீதம் சேவைக் கட்டணம் தானாக ஏறுவது பெரிய கப்பல்களில் வழக்கம். விலைப்பட்டியலில் பார்த்த தொகை பில்லில் வராது.

அத்தைக்குக் கஞ்சி வைக்கக் குட்டிக் குக்கர் எடுத்துப் போகிறாயாமே? ஏறும்போதே ஸ்கேனில் பார்த்து எடுத்து வைத்துக்கொள்வார்கள், இறங்கும்போதுதான் கிடைக்கும். சமைக்கிற, தண்ணீர் காய்ச்சுகிற மின்சாமான் எதுவும் கூடாது, இஸ்திரிப் பெட்டியும் அப்படித்தான். தீ விபத்துப் பயம், நியாயமானதும்கூட. வீட்டில் செய்த பண்டமும் ஆகாது. கடையில் ஒட்டி விற்கிற பாக்கெட்டில் பருப்புப் பொடி எடுத்துக்கொள். துணி துவைக்கக் கொடுத்தால் உருப்படிக்கு இவ்வளவு என்று கணக்கு. குளியலறைச் சுவரில் வட்டமாக ஒரு சின்ன டப்பா இருக்கும், அதன் மூக்கைப் பிடித்து இழுத்தால் கயிறு நீண்டு வந்து எதிர்ச் சுவர்க் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். சின்னத் துணிகளை அதில் உலர்த்தலாம். எனக்கு அந்தக் கப்பலிலேயே ரொம்பப் பிடித்த சாமான் அதுதான்.

போனைத் துறைமுகத்திலேயே விமானப் பயன்முறைக்கு மாற்று. நடுக்கடலில் கப்பலின் சொந்தக் கோபுரம் சிக்னல் கொடுக்கும், போன் தானாக அதைப் பிடித்துக்கொள்ளும், நம் ஊர்க் கம்பெனிகள் விற்கிற சாதாரண ரோமிங் பொட்டலம் அதற்குச் செல்லாது. வாட்ஸாப்பில் நாலு படம் வந்து இறங்கினால் போதும், பில் எகிறிவிடும். கப்பல் இணையமோ பெரிய கப்பல்களில் ஒரு கருவிக்கு ஒரு நாளைக்கு 20 டாலர் அளவில் ஆகிறது. நாலு பேருக்கும் தேவையில்லை. ஒரு போனுக்கு வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஏணிப்படியிலும் சாப்பாட்டு மேஜையிலும் படம் பிடிக்கிறவர்கள் பிடிக்கட்டும், ஒரு பிரதி 20 டாலர் பக்கம் வரும், வாங்கினால்தான் காசு. பத்திரிகையில் போடுகிற மாதிரி அத்தை நடுவில் நிற்கும் ஒரு படத்தை மட்டும் வாங்கிக்கொள்.

அன்பளிப்புத் தொகையை, அதாவது ஊழியர்களுக்கு என்று நம் கணக்கில் தானாக ஏற்றும் டிப்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிய அமெரிக்கக் கம்பெனிக் கப்பல்களில் இது ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை. 18.50 என்று வைத்துக்கொண்டால் நாலு பேருக்கு, நாலு இரவுக்கு, 296 டாலர். டாலரைத் தொண்ணூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 25,000 ரூபாய்க்கு மேல். அண்ணனின் தம்பி "வரவேற்பு மேஜையில் சொன்னால் எடுத்துவிடுவார்கள்" என்று யோசனை சொன்னானாம். சில கப்பல்களில் எடுப்பார்கள்தான். நீ எடுக்கச் சொல்லாதே வசந்தா. எங்கள் அறையைச் சுத்தம் செய்த பையன் கோவாக்காரன். ஒன்பது மாத ஒப்பந்தம், அத்தனை மாதமும் வாரத்தில் ஒரு நாள்கூட முழு விடுப்பு கிடையாது. மகள் பிறந்தபோது அவன் கடலில் இருந்தான். சம்பளத்தில் பெரும்பங்கு இந்த அன்பளிப்பிலிருந்துதான் வருகிறது என்று சொன்னான். நாம் அதை மிச்சம் பிடித்து என்ன சாதிக்கப் போகிறோம்? இப்போதே கட்டிவிட முடிந்தால் கட்டிவிடு, அங்கே போய்க் கணக்கில் பார்த்து வயிறு எரிய வேண்டாம்.

பினாங்கில் சுற்றுலாவுக்குக் காசு கொடுக்காதே. கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹம் துறை ஜார்ஜ் டவுனை ஒட்டியே இருக்கிறது. இறங்கி நடந்தால் லிட்டில் இந்தியா, குயின் தெருவில் மகாமாரியம்மன் கோவில். 1833 முதல் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் நடந்தால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், அதுவும் நம் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எழுப்பியது. அத்தைக்கு நடக்க முடியாவிட்டால் அங்கே ரிக்ஷா இருக்கிறது, பேரம் பேசி ஏறுங்கள். அண்ணனுக்கு நாசி கண்டார், அதாவது சோற்றின் மேல் பல குழம்பு ஊற்றித் தருகிற சாப்பாடு, வாங்கிக் கொடு. புக்கெட்டில் மட்டும் வேறு. பத்தோங் கடற்கரைக்கு எதிரே கப்பல் தள்ளி நின்றால் சின்னப் படகில்தான் கரைக்குப் போக வேண்டும், வரிசையும் நேரமும் ஆகும். தனி வண்டி வைத்து ஊருக்குள் போய்த் தாமதமானால் கப்பல் போய்விடும். கப்பல்காரர்கள் நடத்தும் சுற்றுலா விலை கூடுதல், ஆனால் அது தாமதமானால் காத்திருப்பார்கள். அங்கே அந்தக் காசு கொடுக்கலாம், அல்லது அத்தையோடு கப்பலிலேயே இருந்துவிடலாம். எல்லோரும் இறங்கிப்போன கப்பல் அவ்வளவு அமைதியாக இருக்கும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அத்தைக்குக் காப்பீடு எடுத்தாயா?

எங்கள் பக்கத்து அறையில் ஒரு பெரியவர் மகனோடு வந்திருந்தார். கப்பல் குளியலறை வாசலில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு விளிம்பு இருக்கும், தண்ணீர் அறைக்குள் வராமல் இருப்பதற்காக. இரவில் எழுந்தவர் அதில் இடறி விழுந்துவிட்டார். கப்பலில் மருத்துவர் உண்டு, ஆனால் இலவசம் கிடையாது. பார்ப்பதற்கே நூறு டாலரைத் தாண்டும். எக்ஸ்ரே, ஊசி, சலைன் எல்லாம் தனித்தனி. அத்தனையும் அந்த அட்டைக் கணக்கில் ஏறும், முதலில் நாம்தான் கட்ட வேண்டும், காப்பீட்டுக்காரர்கள் பிறகுதான் திருப்பித் தருவார்கள். இடுப்பு எலும்பு என்று தெரிந்ததும் அவரை அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். மகனும் இறங்கினான். முன்பின் தெரியாத ஊரில் ஆஸ்பத்திரி, அறை வாடகை, புது விமான டிக்கெட். நான் அந்த மகன் முகத்தைப் பார்த்தேன் வசந்தா. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பெட்டிக்கு நடுவில் நின்றான், அவன் எடுத்திருந்த பாலிசியில் கப்பல் பயணம் சேரவில்லை.

இங்கே நாம் கட்டும் சாதாரண மருத்துவக் காப்பீடு வெளிநாட்டில் பெரும்பாலும் செல்லாது. ஏஜெண்ட் தொகுப்போடு கொடுக்கிற பாலிசியையும் அப்படியே நம்பாதே. கப்பல் பயணம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அத்தையின் வயது வரம்புக்குள் வர வேண்டும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, முழங்கால் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதி, ஏற்கெனவே உள்ள நோய்க்கும் பணம் தருவார்களா என்று பார்க்க வேண்டும். நடுவழியில் இறக்கி வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவு சேர்ந்திருக்க வேண்டும். வயதானவர்களுக்குப் பிரீமியம் கூடத்தான் வரும். தனி உணவகம், மசாஜ், புகைப்படம் எதை வேண்டுமானாலும் வெட்டு, இதில் மட்டும் கை வைக்காதே. அத்தையின் மாத்திரைகளைக் கூடுதலாக ஒரு வாரத்துக்கு எடுத்துக்கொள், சீட்டோடு. கடல் வாந்திக்கு அவருக்கு எந்த மாத்திரை சேரும் என்று உங்கள் டாக்டரிடம் இங்கேயே கேட்டு வாங்கிவிடு. இரவில் குளியலறை விளக்கை அணைக்காமல் கதவை ஒருச்சாய்த்து வைக்கச் சொல் சின்னவளிடம்.

இவ்வளவு சொன்னதால் போகாதே என்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கட்டாயம் போ. காலையில் யாரும் எழுந்திருக்கும் முன் மேல்தளத்துக்குப் போ, அதற்குக் காசில்லை. கரையே தெரியாத கடலை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன். அத்தைக்கு அதைக் காட்ட வேண்டும் என்று நீ நினைத்தாய் பார், அது எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது தெரியுமா?

விமானம் திருச்சியிலிருந்துதானே? முந்தைய நாளே நாலு பேரும் இங்கே வந்துவிடுங்கள், கீழ் அறை காலியாகத்தான் இருக்கிறது, அத்தைக்குப் படி ஏற வேண்டாம். பாலிசித் தாளை வாங்கியதும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. அவர் வரி வரியாகப் படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்கிறார். இந்த வாரமே அனுப்பு.

அன்புடன்,
கோமதி