அப்டேட்டை நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருந்தாயே

அன்புள்ள நண்பா,

உன் நீண்ட கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததும், மகள் ஆராய்ச்சிப் படிப்பை முடித்ததும் படித்து மனசு நிறைந்தது. அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லோரும் நலம். மூத்தவன் வேலை மாறிவிட்டான், இளையவள் பரீட்சையில் மூழ்கியிருக்கிறாள். நான் அதே அலுவலகம், அதே கணினிகள்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாய், அதுதான் என்னை விடவில்லை. அப்டேட் முடிந்து கணினி மறுபடி எழுந்ததும் திரை முழுக்க ஒரு விளம்பரம். 'இப்போதே மாறுங்கள்', 'பிறகு நினைவூட்டு' என்று இரண்டே பொத்தான்கள். வேண்டாம் என்று சொல்ல இடமே இல்லை. அன்றைக்கே எல்லா அப்டேட்டையும் நிறுத்திவிட்டேன், இனி எதுவும் உள்ளே வராது என்று முடித்திருந்தாய். உன் கோபம் முழுக்க நியாயம். நீ நிறுத்தியதுதான் எனக்குக் கவலை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

இந்த அவநம்பிக்கை உனக்கு மட்டும் வந்ததல்ல. விண்டோஸ் 7 வைத்திருந்தவர்களுக்கு 2015-இல் நடந்ததைக் கிட்டத்திலிருந்து பார்த்தவன் நான். அந்த வருடம் மார்ச் கடைசியில் 3035583 என்ற எண்ணோடு ஒரு அப்டேட் வந்தது. என்ன செய்யும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த விளக்கம், புதிய அப்டேட் பற்றிய அறிவிப்புகளுக்குக் கூடுதல் வசதி தருகிறது என்ற அளவில்தான் இருந்தது. அதைப் படித்து யாருக்கு என்ன புரியும்? உள்ளே இருந்தது புதிய பதிப்பான விண்டோஸ் 10-க்கு ஆள் சேர்க்கும் ஒரு சின்ன நிரல். ஜூன் மாதம் பிறந்ததும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐகான் முளைத்தது, உங்கள் இலவசப் பிரதியை முன்பதிவு செய்யுங்கள் என்றது. விவரம் தெரிந்தவர்கள் அந்த அப்டேட்டைத் தேடி நீக்கினார்கள், பட்டியலில் மறைத்தும் வைத்தார்கள். அது திருத்தப்பட்டு மறுபடி பட்டியலில் வந்து நின்றது. மறுபடி மறைத்தார்கள், மறுபடி வந்தது.

அப்புறம் செப்டம்பரில் இன்னொன்று தெரியவந்தது. முன்பதிவே செய்யாதவர்களின் கணினியிலும் விண்டோஸ் 10-இன் நிறுவல் கோப்புகள் சத்தமில்லாமல் இறங்கி, ஒரு மறைவான கோப்புறையில் உட்கார்ந்திருந்தன. 3.5 ஜிபி முதல் 6 ஜிபி வரை. அளந்து அளந்து டேட்டா வாங்குகிறவருக்கு 6 ஜிபி என்றால் என்ன என்று யோசித்துப் பார். அவர் கேட்கவும் இல்லை, அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

எனக்கு இன்றும் ஆறாதது 2016 மார்ச்சில் நடந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவியில் இருந்த பாதுகாப்பு ஓட்டைகளை, அதாவது வெளியாட்கள் புகுந்துவிடக்கூடிய பிழைகளை, அடைக்கும் மாதாந்திர அப்டேட் அது. கட்டாயம் போட வேண்டிய வகை. அதற்குள்ளேயே பாதுகாப்போடு சம்பந்தமில்லாத இன்னொரு துண்டும் சேர்ந்து வந்தது. உலாவியில் புதிய தாவலைத் திறந்தால் விண்டோஸ் 10 பற்றிய பட்டை ஒன்றைக் காட்டுவது அதன் வேலை. பெரிய நிறுவன வலையமைப்பில் இணைந்த கணினிகளுக்கு அது வராது, வீட்டுக் கணினிகளுக்கு வரும். அதாவது கேள்வி கேட்க ஆள் வைத்திருப்பவர்களை விட்டுவிட்டு, இல்லாதவர்களிடம் காட்டினார்கள். அதுவரை விளம்பர அப்டேட்டைத் தனியாகப் பிரித்து ஒதுக்க முடிந்தது. இப்போது ஓட்டையை அடைக்க வேண்டுமானால் விளம்பரத்தையும் வாங்கிக்கொள் என்றாகிவிட்டது. மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டில் மருந்துக்கடைக்காரர் தன் சரக்கையும் ஒரு வரி சேர்த்து எழுதினால் எப்படி இருக்கும்? அடுத்த தடவை அந்தச் சீட்டில் எந்த வரியை நம்புவது?

விண்டோஸ் 10-க்கு மாறச் சொன்ன அறிவிப்பு ஜன்னலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கட்டத்தில் அதில் இருந்த பெரிய பொத்தான்கள் இரண்டு: இப்போதே மாறு, இன்றிரவு மாறு. வேண்டாம் என்பவர் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடினார். கணினி தொட்ட எல்லோருக்கும் அந்தக் குறியின் பொருள் தெரியும். சொல்லிக்கொடுக்கத் தேவையே இல்லாத ஒன்று அது. 2016 மே மாதம் வந்த ஜன்னலில் அதன் பொருளையே மாற்றிவிட்டார்கள். உங்கள் கணினி இந்தத் தேதியில் இத்தனை மணிக்கு மாறப்போகிறது என்று ஜன்னல் சொன்னது. பெருக்கல் குறியை அழுத்தினால் அது சம்மதம் என்று கணக்கானது. ரத்து செய்ய நடுவில் சின்ன எழுத்தில் ஒரு இணைப்பு மட்டும் இருந்தது. எதிர்ப்பு வலுத்த பிறகு ஜூன் கடைசியில்தான் அதைச் சரிசெய்தார்கள். அதற்குள் எத்தனையோ பேர் இரவு மூடிய கணினியைக் காலையில் வேறொன்றாகப் பார்த்துவிட்டார்கள்.

கலிஃபோர்னியாவில் பயண முகவராக இருந்த ஒரு பெண், தன் தொழில் கணினி தன் அனுமதியில்லாமல் மாற முயன்று, அது தோற்று, நாட்கணக்கில் உருப்படியாக வேலை செய்யவில்லை என்று வழக்குப் போட்டார். 10,000 டாலர் தீர்ப்பானது. மைக்ரோசாஃப்ட் மேல்முறையீட்டைக் கைவிட்டது, ஆனால் தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. 2016 டிசம்பரில் நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் தலைவர் கிறிஸ் கபோசெலா, எல்லை மீறிப் போய்விட்டோம் என்று, முக்கியமாக அந்தப் பெருக்கல் குறி விவகாரத்தைச் சொல்லி, வெளிப்படையாகப் பேசினார். ஜெர்மனியின் பாடன்-வுர்ட்டம்பர்க் நுகர்வோர் அமைப்பு விடாமல் சட்டப்படி போராடியது. பயனர் சம்மதிக்காமல் புதிய இயங்குதளத்தின் கோப்புகளை இறக்கி வைக்க மாட்டோம் என்று 2017-இல் எழுத்தில் உறுதி வாங்கியது. இவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. யாரோ ஒருவர் விடாப்பிடியாக நின்றதால்தான் அதுவாவது கிடைத்தது.

மைக்ரோசாஃப்ட் மட்டும் செய்ததாக நினைத்துவிடாதே. 2008 மார்ச்சில் ஆப்பிள், விண்டோஸ் கணினிகளில் தன் பாட்டு மென்பொருளான ஐட்யூன்ஸை அப்டேட் செய்யும் கருவி வழியாகவே சஃபாரி உலாவியையும் நீட்டியது. சஃபாரியே இல்லாத கணினியில் அதற்கான பெட்டி முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருந்தது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மோசில்லாவின் தலைவராக இருந்த ஜான் லில்லி, அப்டேட் மீது மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையையே இது குலைக்கிறது என்று அப்போதே கண்டித்தார். அதன் பிறகு ஆப்பிள் அப்டேட்டுகளையும் புதிய மென்பொருளையும் தனித்தனிப் பகுதியாகப் பிரித்துக் காட்டியது. ஜாவா என்ற மென்பொருள் அந்தக் காலத்தில் இன்னும் மோசம். அதன் பாதுகாப்பு அப்டேட்டோடு உலாவியில் தேடல் பட்டையாக உட்காரும் ஆஸ்க் என்ற டூல்பார் ஒட்டிக்கொண்டு வரும். டிக்கை எடுக்க மறந்தால் உள்ளே வந்துவிடும், அதுவும் உடனே வராது. ஜாவா முடிந்து பத்து நிமிடம் காத்திருந்து பிறகுதான் தன்னை நிறுவிக்கொள்ளும். முடிந்ததும் போய்ச் சரிபார்க்கிறவர் கண்ணில் படக் கூடாது என்பதைத் தவிர அந்தப் பத்து நிமிடத்துக்கு எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

பேசாமல் விண்டோஸை விட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறிவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். தாராளமாக மாறு, நான் உதவுகிறேன். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில் பாதுகாப்புத் திருத்தங்களை வைத்து அனுப்பவென்றே தனிக் களஞ்சியம் இருக்கிறது. நிலையான பதிப்புக்கு அதன் வழியாக வருவது பெரும்பாலும் திருத்தம் மட்டும்தான். அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அந்தப் பக்கம் போனாலும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள். 2022-இல் இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டுவில் அப்டேட் கட்டளை கொடுத்தால், நடுவில் உபுண்டு ப்ரோ என்ற கூடுதல் பாதுகாப்புச் சேவையை முயன்று பாருங்கள் என்ற வரிகள் வரத் தொடங்கின. சேவை தனிநபருக்கு இலவசம்தான், அதில் தப்பில்லை. ஆனாலும் அப்டேட் ஓடும் இடத்தில் அது எதற்கு என்று பலரும் கேட்டார்கள். சரியான கேள்வி.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அலுவலகத்தில் நாள் முழுக்க இதைப் பார்க்கிறேன். எச்சரிக்கை ஒன்று திரையில் வந்தால் யாரும் படிப்பதே இல்லை. வாக்கியம் முடிவதற்குள் விரல் 'பிறகு' பொத்தானுக்குப் போய்விடுகிறது. நல்லதும் அல்லாததும் ஒரே வழியில், ஒரே மாதிரி ஜன்னலில் வந்து வந்து, மனிதர்கள் இரண்டையும் சேர்த்தே ஒதுக்கப் பழகிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படிப் பழக்கியது யார்?

ஆனால் ஓட்டைக்கு இந்த நியாயமெல்லாம் தெரியாது. வான்னாக்ரை நினைவிருக்கிறதா? கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட நிரல். அது புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் 2017 மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. தாக்குதல் மே 12. நடுவில் இரண்டு மாதம் இருந்தது. அப்படியும் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகள் விழுந்தன. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாயின. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7, அதாவது முந்தைய இரண்டு வருடங்களில் விளம்பரத்தோடு மல்லுக்கட்டிய அதே இயங்குதளம். விளம்பரத்தால்தான் அத்தனையும் நடந்தது என்று சொல்ல வரவில்லை. மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் அப்டேட் தள்ளிப்போகப் பழைய கருவிகள், ஆள் பற்றாக்குறை என்று ஆயிரம் காரணம் உண்டு. ஆனாலும் வீட்டில் உட்கார்ந்து யோசித்து, இவர்கள் அனுப்பும் எதையும் இனி போட மாட்டேன் என்று முடிவெடுத்த ஒருவருக்கு அந்த முடிவை எடுக்கக் காரணம் கொடுத்தவர்கள் யார் என்று நினைத்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. போதாக்குறைக்கு 2016 அக்டோபரிலிருந்து விண்டோஸ் 7-க்கும் 8.1-க்கும் அப்டேட்டுகள் மொத்தமாக ஒரே கட்டாக வரத் தொடங்கின. இது வேண்டும், அது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தவர்களுக்கு இருந்த கடைசி வழியும் அதோடு போயிற்று.

அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பழைய பதிப்புகளை என்றைக்கும் பராமரித்துக்கொண்டிருக்க முடியாது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இல் ஆதரவு முடிந்தது, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இல். இதைச் சொல்ல வேண்டியது அவர்கள் கடமைதான். இந்தத் தேதிக்குப் பிறகு திருத்தம் வராது, உங்கள் முன்னால் இருக்கும் வழிகள் இவை என்று ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிட்டு, வேண்டாம் என்ற பொத்தானையும் வைத்தால் நானே கைதட்டுவேன். அறிவிப்பு வேறு, நச்சரிப்பு வேறு. எனக்கு வேண்டியது மிகச் சின்ன விஷயம்: பாதுகாப்புத் திருத்தம் தனியாக வரட்டும், அதோடு வேறு எதுவும் வரக் கூடாது. அதைச் சட்டமாகவே ஆக்கினாலும் எனக்குச் சம்மதம்.

சரி, நீ செய்ய வேண்டியது. நிறுத்தியதை முதலில் திரும்ப இயக்கு. வந்த உடனே போடப் பயமாக இருந்தால் ஒரு வாரம் தள்ளி வை, அதற்கு அமைப்புகளிலேயே வழி இருக்கும். தள்ளி வைப்பதில் தவறில்லை, அடியோடு நிறுத்துவதுதான் ஆபத்து. அறிவிப்புகள் பகுதிக்குப் போய் பரிந்துரை, குறிப்பு, சலுகை என்ற பெயரில் இருப்பதையெல்லாம் அணைத்துவிடு. அந்த விளம்பரம் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். புதிதாக எதையாவது நிறுவும்போது 'எளிய நிறுவல்' என்பதை எடுக்காதே. அதன் பக்கத்தில் இருக்கும் விரிவான வழியை எடுத்தால்தான் முன்கூட்டியே டிக் செய்த பெட்டிகள் கண்ணில் படும். உலாவியின் அப்டேட்டை மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதே, வங்கிக் கணக்கை அதில்தான் திறக்கிறாய். உன் எழுத்துகளையும் படங்களையும் தனி வட்டு ஒன்றில் பிரதி எடுத்து வை. எடுத்ததும் வட்டைக் கழற்றிவிடு, கணினியோடே இருந்தால் வான்னாக்ரை மாதிரி நிரல் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

இன்னொன்று. அந்த மென்பொருள் நிறுவனத்துக்கு நீ ஒரு புகார் எழுது. உனக்கு எழுத்து வரும், எனக்கு அந்த அளவுக்கு வராது. வேண்டாம் என்ற பொத்தான் ஏன் இல்லை என்ற ஒரே கேள்வி போதும். எழுதியதை எனக்கும் அனுப்பு, என் பெயரையும் சேர்த்து நானும் ஒன்று அனுப்புகிறேன்.

வருகிற ஞாயிறு காலை கூப்பிடு. கணினியைத் திறந்து வைத்துக்கொண்டே கூப்பிடு, தேங்கிக் கிடக்கும் அப்டேட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எது என்ன என்று சொல்கிறேன். சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு, திரை வெளிச்சத்தைக் குறைத்து வை.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்