புழுதி விதைப்பு நெல்லுக்கு வட்டார அளவில் வானிலை ஆலோசனை வழங்கக் கோரி மனு

அனுப்புநர்:
மானாவாரி மற்றும் கண்மாய்ப் பாசன நெல் விவசாயிகள்,
ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
ராமநாதபுரம்.

பொருள்: வரும் சம்பா பருவத்துக்குள் மாவட்ட வேளாண் வானிலை ஆலோசனைப் பிரிவு அமைத்தல், மழைமானிகளைச் சீரமைத்தல், விதைப்பு நாள் அறிவிப்பு வெளியிடுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நம் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 827 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதத்தில் பெய்து முடிந்துவிடும். திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் கண்மாய்த் தண்ணீர் ஓரளவு கைகொடுத்தாலும், அங்கும்கூட நெல் முளைப்பது மழையில்தான். ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி முடிய வயலைப் புழுதியாக உழுது, விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பதுதான் இங்குள்ள வழக்கம். நாற்றங்கால் விட்டு நடும் டெல்டாவுக்கு எழுதப்படும் ஆலோசனை இந்த முறைக்குப் பொருந்துவதில்லை. இந்த மனுவின் மையம் அதுதான்.

புழுதி விதைப்பில் விளைச்சல் கெடுவது பெரும்பாலும் பயிர் வளர்ந்த பிறகு வரும் வறட்சியால் அல்ல, முளைக்கும்போதே கெட்டுவிடுகிறது. செப்டம்பர் நடுவில் மாலை நேர இடிமழை 12 முதல் 20 மி.மீ. வரை பெய்யும். உலர்ந்த களிமண்ணில் மேல் 10 செ.மீ. முழுவதும் நனைய 20 முதல் 25 மி.மீ. வேண்டும். அதற்குக் குறைந்தால் விதை கிடக்கும் 3, 4 செ.மீ. ஆழம் மட்டும் நனையும். விதை முளைவிடும், வேர் கீழே இறங்க ஈரம் இருக்காது. வெறும் தரையிலிருந்து முதல் சில நாள்களில் தினமும் 4, 5 மி.மீ. ஆவியாகப் போய்விடுவதால் ஒரு வாரத்தில் குருத்து சுருண்டுவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை இயல்பாகத் தொடங்கும் நாள் அக்டோபர் 20-ஐ ஒட்டி என்பதால் அடுத்த மழைக்கு மூன்று, நான்கு வாரம் ஆகலாம். ஏக்கருக்கு 30 முதல் 40 கிலோ விதை, இரண்டு உழவு, கூலி எல்லாம் அந்த ஒரு மழையில் போகும். மறுவிதைப்புக்கு வீட்டில் விதை இருக்காது. 5 மி.மீ.க்குக் குறைவான தூறல் பெய்தால் விதை அப்படியே கிடக்கும், கேடில்லை. 40 மி.மீ. பெய்தால் இரண்டு வாரம் தாங்கும். இடையில் உள்ள அளவுதான் ஆபத்தானது. அதைத்தான் இன்றைய முன்னறிவிப்பு சொல்வதில்லை.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில் 2.5 முதல் 15.5 மி.மீ. வரை லேசான மழை, 15.6 முதல் 64.4 வரை மிதமான மழை. "ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்" என்ற வரி புரட்டாசி முழுக்க ஒலிக்கிறது. 3 மி.மீ.யும் 60 மி.மீ.யும் இந்த ஒரே வரிக்குள் அடங்கும். மீனவருக்கோ பயணிக்கோ இது போதும். விதைப்பதா, இன்னும் ஒரு வாரம் பொறுப்பதா என்று முடிவெடுக்கும் விவசாயிக்கு வேண்டியது மழையின் அளவும், அதற்குப் பின் எத்தனை நாள் மழை இல்லாமல் இருக்கும் என்பதும்.

பருவகால முன்னறிவிப்பிலும் இதே குறை. வடகிழக்குப் பருவமழைக்கான கணிப்பு தமிழ்நாடு, கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமா, தென் உள் கர்நாடகம் ஆகிய ஐந்து உட்பிரிவுகளுக்கும் சேர்த்து வருகிறது. சராசரியில் 88 முதல் 112 விழுக்காடு பெய்தால் இயல்பு. மொத்தம் இயல்பாக இருந்தாலும் அது இரண்டே புயலில் வந்தால் மானாவாரி நெல்லுக்குப் பயனில்லை. பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ என்றாலே வறட்சி என்று செய்தித்தாள்களில் எழுதுகிறார்கள். தென்மேற்குப் பருவமழைக்கு அது பெரும்பாலும் சரி. வடகிழக்குக்கு நிலைமை ஏறத்தாழ எதிர்மாறானது, எல் நினோ ஆண்டுகளில் நமக்கு மழை கூடுவதே அதிகம். 2015 எல் நினோ ஆண்டு, வெள்ளம் வந்தது. 2016-இன் வடகிழக்குப் பருவத்தில் எல் நினோ இல்லை, ஆனால் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. இந்த வேறுபாட்டை மாவட்ட அளவில் யாராவது எடுத்துச் சொன்னால் 125 நாள் ரகமான ஆர்.என்.ஆர் 15048 போடுவதா, பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 2009-இல் வெளியிட்ட 100 முதல் 105 நாள் ரகமான அண்ணா 4 போடுவதா என்று ஆடியிலேயே தீர்மானிக்கலாம்.

எடுத்துச் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் பெரிய குறை. கிராமின் கிருஷி மௌசம் சேவா திட்டத்தில் நாடெங்கும் வேளாண் அறிவியல் நிலையங்களில் 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் இருந்தன. 2024-இல் அவற்றை மூட உத்தரவு வந்தது. தரவு இன்று முன்னைவிடக் கூடுதலாகவே கிடைக்கிறது. வட்டாரவாரியான ஐந்து நாள் முன்னறிவிப்பு வருகிறது. வியாழக்கிழமைதோறும் நான்கு வாரத்துக்கான நீட்டிக்கப்பட்ட முன்னறிவிப்பு வெளியாகிறது. 2024 அக்டோபர் முதல் ஊராட்சி அளவிலான முன்னறிவிப்பு உண்டு. 2025 மே மாதம் 6 கி.மீ. நுணுக்கம் கொண்ட புதிய கணிப்பு மாதிரியும் நடைமுறைக்கு வந்துவிட்டது. இவற்றை எடுத்து, கமுதிக் கரிசலுக்கு ஒன்றும் திருப்புல்லாணி மணற்பாங்குக்கு வேறொன்றுமாக மாற்றி எழுதும் பணிதான் நின்றுபோயிருக்கிறது.

எனவே எங்கள் முதல் கோரிக்கை: ஆகஸ்ட் 15 முதல் ஜனவரி 31 வரை இயங்கும் ஒரு வேளாண் வானிலைப் பிரிவை மாநில நிதியிலோ மாவட்ட நிர்வாகத்தின் விருப்ப நிதியிலோ அமைத்துத் தர வேண்டும். வேளாண் வானிலை படித்த ஒருவர், தரவு பார்க்க ஒருவர், பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தின் உழவியல் வழிகாட்டுதல், இவ்வளவுதான் தேவை. செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வரும் ஆலோசனை அறிக்கை 11 வட்டாரங்களுக்கும் தனித்தனியாக வரவேண்டும். அதில் மழை மில்லிமீட்டரில், நிகழ்தகவோடு இருக்க வேண்டும். "அடுத்த ஐந்து நாளில் 20 மி.மீ.க்கு மேல் பெய்ய பத்தில் மூன்று வாய்ப்பு" என்று எழுதினால் எங்களுக்குப் புரியும். கணிப்பு தப்பினால் யாரும் அதிகாரியைக் குறை சொல்லப் போவதில்லை, வாய்ப்பைக் கணக்கிட்டு முடிவெடுப்பது விவசாயிக்குப் புதிதல்ல.

செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து அக்டோபர் இறுதி வரை வெள்ளிதோறும் விதைப்பு அறிவிப்பு என்று தனியாக ஒன்று வேண்டும். வியாழனன்று வரும் நான்கு வார முன்னறிவிப்பில் மூன்றாம், நான்காம் வாரத்தின் துல்லியம் குறைவு என்பது தெரியும். முதல் இரண்டு வாரம் போதும். "பொறுக்கவும்", "விதைக்கலாம்", "விதைத்தவர்கள் ஈரம் காக்கவும்" என்ற மூன்று நிலையில் ஒன்றைச் சொன்னால் போதுமானது. முளை வறட்சியைத் தாங்க விதையை முன்கூட்டியே ஊறவைத்து உலர்த்தும் விதை கடினப்படுத்தலும் இதையே நம்பியிருக்கிறது. 30 கிலோ விதைக்கு 30 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து, 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்த வேண்டும். அப்படி உலர்த்திய விதையை நெடுநாள் வைத்திருக்க முடியாது. ஒரு வாரத்துக்கு முன்பே நாள் தெரிந்தால்தான் அந்த வேலை பயன்படும். "இந்தப் பருவம் விதைக்க வேண்டாம்" என்று சொல்ல வேண்டி வந்தாலும் தயங்காமல் சொல்ல வேண்டும். கொலம்பியாவில் 2014-இல் நெல் விவசாயிகள் கூட்டமைப்பான ஃபெடெயரோஸ் கணிப்பைப் பார்த்து அப்படிச் சொன்னது. கேட்டு விதைக்காமல் இருந்த 170 விவசாயிகள் பெரும் இழப்பிலிருந்து தப்பினர்.

அடுத்தது மழைமானி. உள்ளூர் அளவு சரியாக இல்லாமல் எந்தக் கணிப்பையும் திருத்த முடியாது. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 41 செ.மீ. பெய்தது. தீவில் பெய்த அந்த மழை மாவட்டச் சராசரியைத் தூக்கிவிடும், முதுகுளத்தூர் வயலுக்கு அதனால் பயன் இல்லை. ஆகவே பல கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவான பிர்க்காவுக்கு ஒரு மழைமானியாவது நல்ல நிலையில் வேண்டும். தானியங்கி மழைமானியின் புனலில் சீமைக்கருவேல இலை, சிலந்திக்கூடு, பறவை எச்சம் அடைத்துக்கொள்வது இங்கு வாடிக்கை. அடைத்த புனலில் 30 மி.மீ. பெய்தாலும் அன்று பூச்சியம் காட்டும். தேங்கிய நீர் மறுநாள் வெயிலில் சொட்டுச் சொட்டாக இறங்கி, மழையே இல்லாத நாளில் மழை என்று பதிவாகும். ஒரு பகுதி ஆவியாகிவிடுவதால் மொத்தக் கணக்கும் குறையும். சுற்றுச்சுவருக்கும் மரத்துக்கும் ஒட்டினாற்போல வைத்த கருவிகளும் உண்டு. எதிரே உள்ள தடை எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி இருப்பதே முறை.

சோதிப்பது கடினமில்லை. 20 செ.மீ. விட்டமுள்ள புனலின் பரப்பு 314 சதுர செ.மீ. அதில் 314 மில்லிலிட்டர் தண்ணீரை அரை மணி நேரம் மெல்லச் சொட்டவிட்டால் 10 மி.மீ. பதிவாக வேண்டும். உள்ளே உள்ள சிறு வாளி நிறைந்து கவிழும் ஒவ்வொரு தட்டுக்கும் 0.5 மி.மீ. கணக்கிடும் கருவி என்றால் 20 தட்டு. 18-க்குக் கீழோ 22-க்கு மேலோ வந்தால் கருவியைத் திருத்த வேண்டும். இந்தச் சோதனையைச் செப்டம்பர் 10-க்குள் எல்லா மானிகளிலும் கிராம நிர்வாக அலுவலர், இரண்டு விவசாயிகள் முன்னிலையில் செய்து, முடிவை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட ஆணையிடுமாறு வேண்டுகிறோம். பருவத்தில் வாரம் ஒருமுறை புனல் துடைக்கும் பொறுப்பை ஊராட்சிக்கே கொடுக்கலாம். காலை 8.30 மணி அளவு அன்றே பலகையில் எழுதப்பட வேண்டும்.

இந்தப் பதிவு பயிர்க் காப்பீட்டுக்கும் தேவை. விதைக்கவே முடியாத நிலை என்ற பிரிவில் இழப்பீடு பெற, காப்பீட்டு அலகில் 75 விழுக்காட்டுக்கு மேல் பரப்பு விதைக்கப்படாமல் இருக்க வேண்டும். புழுதியில் விதைத்து, முளைத்துக் காய்ந்த வயல் கணக்கில் விதைத்த வயலாகிவிடுகிறது. முளைத்து அழிந்த பரப்பையும் அந்தப் பிரிவில் சேர்க்க மாநில அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம். பிர்க்கா மழைப் பதிவு நம்பகமாக இருந்தால் அதை நிரூபிப்பதில் சிக்கல் இராது.

முளைத்த 20-ஆம் நாள் முதல் 45-ஆம் நாள் வரை இடைவறட்சி வந்தால் முதலில் களை எடுக்க வேண்டும், இருக்கிற ஈரத்தைக் களைதான் முதலில் குடிக்கும். யூரியாவை நிறுத்தி வைத்து, ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ பொட்டாசியம் குளோரைடு கரைத்து இலையில் தெளிக்கலாம். யூரியா மேலுரத்துக்கு ஏற்றது 10 முதல் 30 மி.மீ. மழைக்கு முந்தைய நாள். காய்ந்த மண்ணில் இட்டால் வீண், பெருமழைக்கு முன் இட்டால் அடித்துச் செல்லும். இதைப் பொதுவாக எல்லோரும் அறிவார்கள். எந்த நாளில் என்பதைத்தான் அறிக்கை சொல்ல வேண்டும்.

கண்மாய் ஆயக்கட்டில் நிலைமை வேறு. ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. தண்ணீர் கட்ட 200 கன மீட்டர் வேண்டும். மார்கழியில் கதிர் வெளிவந்து பூக்கும் தருணத்தில் அந்த ஒரு தண்ணீர் கிடைக்காவிட்டால் பதர்தான் மிஞ்சும். அடுத்த பத்து நாளில் மழை உண்டு என்றால் கார்த்திகையில் மடையைத் தாராளமாகத் திறக்கலாம், இல்லையென்றால் அடைத்து வைக்க வேண்டும். நீர்வளத் துறை உதவிப் பொறியாளரும் ஆயக்கட்டுதாரர்களும் வெள்ளிக்கிழமை அறிக்கையை வைத்து மடை திறப்பை முடிவு செய்ய உத்தரவிட வேண்டும். மடை அருகே உள்ள அளவுக்கல்லில் எண்கள் அழிந்து கிடக்கின்றன, புதிதாக எழுத வேண்டும். அறுவடைக் காலத்துக்கும் ஐந்து நாள் மழை எச்சரிக்கை தேவை. 2021 ஜனவரி மழையில் முற்றிய கதிர் வயலிலேயே முளைத்ததைத் தாங்கள் கோப்புகளில் காணலாம்.

செய்தி சேரும் வழியையும் கவனிக்க வேண்டுகிறோம். உழவன், மேகதூத் செயலிகள் நல்லவைதான். ஆனால் களையெடுப்பு, விதை உலர்த்தல் வேலைகளைச் செய்யும் பெண்கள் பலரிடம் அந்தக் கைப்பேசி இருப்பதில்லை. மாலை 6.30 முதல் 7.30-க்குள் 40 விநாடிக் குரல் அழைப்பு, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கத்திலும் நியாயவிலைக் கடையிலும் எழுதுபலகை, இவை இரண்டும் போதும்.

மறுவிதைப்புக்கு அண்ணா 4 விதை அக்டோபர் 10-க்குள் வேளாண் விரிவாக்க மையங்களில் இருப்பில் இருக்க வேண்டும். நவம்பர் 15 வரை ஈரம் சேராத பிர்க்காக்களுக்கு உளுந்து, குதிரைவாலி விதையை மானியத்தில் வழங்க முன்கூட்டியே ஒதுக்கீடு செய்ய வேண்டும். நெல்லுக்கு நாள் கடந்துவிட்டது என்ற அறிவிப்பும் மாற்றுப் பயிர் விதையும் ஒரே வாரத்தில் வந்தால்தான் நிலம் தரிசாகாது.

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் வேளாண்மை இணை இயக்குநர், நீர்வளத் துறை, வருவாய்த் துறை, பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் ஆகியோரை ஒருசேர அழைத்து இம்மனுவைப் பரிசீலிக்குமாறும், மழைமானிச் சோதனைக்கான ஆணையை மட்டுமாவது ஆகஸ்ட் இறுதிக்குள் பிறப்பிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மானாவாரி மற்றும் கண்மாய்ப் பாசன நெல் விவசாயிகள்,
ராமநாதபுரம் மாவட்டம்.

நகல்: வேளாண்மை இணை இயக்குநர், ராமநாதபுரம், செயற்பொறியாளர், நீர்வளத் துறை, பேராசிரியர் மற்றும் தலைவர், வேளாண் ஆராய்ச்சி நிலையம், பரமக்குடி.